சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

எனக்கு எதிலும் அவசரம் கிடையாது, மேடம். சாலையில் பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுகிற ஆள் நான். மூன்று நாளாக இந்த ஸ்டேஷனில் நீங்கள் என்னிடம் வேலை பார்க்கும் நெட்டையனைக் குடைந்துகொண்டிருந்தபோதும், என் முறை வரட்டும் என்றுதான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரி இடத் தேர்வு இணையதளத்தின் தரவெல்லாம் கிளவுடில் வாடகைக்கு எடுத்த ஒரு வட்டில், அதாவது டிஸ்கில், இருக்கிறது. வட்டின் அளவு வேறு, வேகம் வேறு. எவ்வளவு பெரிதானாலும், நொடிக்கு எத்தனை முறை எழுதலாம், படிக்கலாம் என்பதற்குத் தனி வரம்பு உண்டு. விலை கூடிய வகையில் அந்த வேகம் எப்போதும் உறுதி. மலிவான வகை, சும்மா இருக்கும்போது வேகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கூட்டம் வந்தால் எடுத்துச் செலவழிக்கும். சேர்த்தது தீர்ந்ததும் ஆமை நடைதான்.

மலிவான வகைக்கு மாறலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நெட்டையன்தான். 'இடத் தேர்வு நாளில் மட்டும் வேண்டாம்' என்றும் கடைசியில் எழுதியிருந்தான். அந்த வரியை நீக்கிவிட்டு, தேர்வுக்கு முந்தைய மாலை நானே மாற்றினேன். கால்மணி நேரம் சோதித்தார்கள், பறந்தது. கூட்டம் வந்தால் சேர்த்து வைத்த வேகம் நாற்பது நிமிடம்தான் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். தளம் திறப்பது காலை பத்துக்கு. என் மகளின் முறை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. அதற்குள் உறுதி செய்யாதவருக்கு இடமில்லை.

அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் கேட்டிருந்த கல்லூரி ஒன்பது மணி நேரப் பயணம். இடம் கிடைக்கும் முன்பே பெட்டி வாங்கிவிட்டாள். என்னைக் கண்டால் போனைக் கவிழ்த்து வைப்பாள். அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் படித்தேன். 'அங்க போயிட்டா அப்புறம் யாரு திரும்பி வரப்போறா' என்று தோழிக்கு எழுதியிருந்தாள். பெற்றவனுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

தளத்தையே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நின்றால் மறுநாள் திரும்ப நடத்துவார்கள். மெதுவாக ஓடினால், உன் வீட்டு இணைப்பைப் பார் என்பார்கள். தளம் ஒரு நிமிடமும் நிற்கவில்லை என்று அறிக்கையே விட்டார்களே.

அன்று விடுப்பு எடுத்து அவள் பக்கத்திலேயே இருந்தேன்.

"சுத்திக்கிட்டே இருக்குப்பா."

"பொறும்மா. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

அது பொய்யில்லை. நாலாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் திரையில் சுற்றும் அதே வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் இடம் போனதும் உயிரை விடத் துணிந்து, மருத்துவமனையில் இன்னும் கண் திறக்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் வீட்டார் யாராவது இருந்திருக்க வேண்டும். நான் இருந்தேன் பாருங்கள்.

நெட்டையன் பிள்ளைகுட்டிக்காரன், விட்டுவிடுங்கள். மாற்றியது நான், யோசித்துத்தான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடித்தால் நல்லது, வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். மூன்று வாரமாக என்னோடு பேச்சில்லை. சாப்பாட்டை அறை வாசலில் வைக்கிறேன்; பாதி நாள் ஆறிப்போய் அப்படியே கிடக்கிறது. கதவு சாத்தியேதான் இருக்கிறது, மேடம். ஆனாலும் பிள்ளை என் கண்ணெதிரில் இருக்கிறாள்.