புகார் சொன்னவரைக் காப்பாற்றுவது எப்படி

— மூணாவது பக்கத்துல என்ன எழுதியிருக்கே? நீயே படிம்மா. கண்ணாடியை வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்.

— 'மேலதிகாரி மேல புகார் சொன்னவரை, அந்த மேலதிகாரியோட கையிலயே விட்டுவைக்கக் கூடாது.' அதான் சார் முதல் விதி.

— பலே! யாரை நெனச்சு எழுதினே?

— உங்களை நெனச்சுத்தான். டைரக்டர்னு பாக்காம உங்க மேல புகார் கொடுத்தேன். புகார் எங்கெங்கயோ சுத்தி, கடைசியில விளக்கம் கேட்டு உங்க மேசைக்கே வந்துச்சு. லேப்ல இருந்து என்னைத் தூக்கி இந்தப் பயிற்சிப் பிரிவுல போட்டீங்க. உடைஞ்ச நாற்காலிங்களுக்குக் காவல் உக்காந்திருக்கேன். இப்ப, புகார் சொன்னவங்களைக் காப்பாத்தறது எப்படின்னு நீங்க நாளைக்கு வகுப்பு எடுக்கப் போறீங்க, அதை நானே எழுதித் தரேன். எங்க போய் முட்டிக்கறது?

— பாரு, கோவத்துலகூட எவ்வளவு கோர்வையா பேசறே. அதுக்குத்தான் உன்னை எழுதச் சொன்னேன். வகுப்பு கட்டாயம்னு மேலிடத்து உத்தரவு. பெரிய தலைங்க எல்லாம் வந்து உக்காருவாங்க.

— நெஜமாவே எழுதினபடி வாசிப்பீங்களா?

— தாராளமா.

— வீட்ல இவர் சிரிக்கறார் சார். 'அந்த ஆளுக்குப் போய் எழுதிக் குடுக்கறியே, உனக்கு என்ன புத்தி பேதலிச்சுப் போச்சா'ன்னு கேட்டார். கேக்கறவங்கள்ல ஒருத்தர் மனசாவது இளகாதான்னுதான் எழுதினேன். கேண்டீன்ல நான் போய் உக்காந்தா பக்கத்து நாற்காலி காலியாயிடுது. என் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினவங்களே என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க.

— அதெல்லாம் மனசுல வெச்சுக்காதேம்மா. அடுத்த விதி?

— 'புகார் சொன்னவருக்குத் துணை நின்னவங்க யாருன்னு கேக்கவே கூடாது.'

— நல்ல விதி. ஆனா வெறும் விதியா வாசிச்சா தூங்கிடுவாங்க. ஒரு உதாரணம் வேணும். உன் கதையையே வெச்சுக்கலாமே?

— உங்க வாயால என் கதையா?

— ஏன் கூடாது? பேர் சொல்லாம சொல்றேன். நீ சொல்லு.

— 'ஒரு குடிநீர் வாரியம். கடைக்கோடித் தெருவுல குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு. அந்தத் தெருக்குழாய்த் தண்ணியைச் சோதிக்கணும். டைரக்டரோ, சுத்திகரிப்பு நிலையத்துலயே பாட்டிலை நிரப்பி, அது மேல அந்தத் தெருவோட பேரை ஒட்டச் சொன்னார்.'

— 'சொன்னதாகத் தெரிகிறது'ன்னு போட்டுக்கோ.

— போட மாட்டேன் சார். 'லேப்ல இருந்த ஒருத்திக்கு மனசு கேக்கல. அதே தெருவுக்குப் போய் நெஜமான தண்ணியைப் பிடிச்சிட்டு வந்து சோதிச்சா. கிருமி கொட்டிக் கிடந்துச்சு.'

— தனியாவா போனா?

— விசாரணையிலயும் இதையேதான் கேட்டுக் கேட்டுக் குடைஞ்சாங்க. தனியாத்தான் போனான்னு வாசிங்க.

— வாசிக்கறேன். ஆனா கேக்கறவங்கள்ல பாதிப் பேர் கெமிஸ்ட் ஆச்சே. 'கொளுத்தற வெயில்ல, பஸ் கூட்டத்துல, கைப்பையில கொண்டு வந்த தண்ணி. வழியிலயே கிருமி பெருகியிருக்கும். அந்தச் சோதனையே குப்பை'ன்னு எவனாவது எழுந்து நின்னா நான் என்ன பதில் சொல்ல?

— பஸ்லயா? யார் சார் சொன்னது பஸ்னு?

— தனியாப் போனவ வேற எதுல வருவா? உனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியாதே. பாவம், அவசரத்துல ஏதோ சோடா பாட்டில்ல பிடிச்சிருப்பே. நான் குத்தம் சொல்லலம்மா, யாரா இருந்தாலும்...

— சோடா பாட்டிலா! என்ன சார் பேசறீங்க? ஆவியில வெச்சுச் சுத்தம் பண்ணின பாட்டில் அது. குழாய் வாயை நெருப்புல சுட்டுட்டுத்தான் தண்ணியே பிடிச்சேன். பிடிச்ச கையோட ஐஸ் பெட்டியில வெச்சாச்சு. லேப் வாசல் வரைக்கும் மூடியைத் திறக்கல. என் சோதனையில எங்க குத்தம், சொல்லுங்க பாப்போம்!

— ஐஸ் பெட்டியா.

— ஆமா சார், ஐஸ் பெட்டிதான். அதுல என்ன குத்தம்?

— பாரு, நம்ம வாரியத்துல அந்தப் பெட்டி ஒரே வண்டியிலதான் இருக்கு. போல்ட் போட்டு முடுக்கி வெச்சிருக்கு. தனியா தூக்கிட்டுப் போக முடியாது.

— அது... வேற பெட்டி சார். எங்க வீட்டுப் பெட்டி.

— உனக்குப் பொய் சொல்ல வரலம்மா. உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே அதான். நம்ம டிரைவர் தாடிதானே வண்டியை ஓட்டினான்?

— சார், அவர் டெம்பரரி டிரைவர். இந்த வருஷமாவது நிரந்தரம் பண்ணுவாங்களான்னு ஏங்கிட்டு இருக்கார். சம்சாரம் வேற படுத்த படுக்கை. நான்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டுப் போனேன். எதுக்குப் போறோம்னுகூட அவருக்குத் தெரியாது. புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார். என்னை என்ன வேணா பண்ணுங்க. உங்க கால்ல விழறேன்.

— சேச்சே, எழுந்திரு. உன்னை என்ன பண்றது? இதுக்கு மேல உன் மேல கையை வெச்சா பேப்பர்காரன் வந்து நிப்பான். யாருப்பா வெளியே? அட்டெண்டர்!

— சொல்லுங்க சார்.

— வாசல்ல தாடி நிப்பான். வண்டிச் சாவியை வாங்கிக்கோ. நாளையில இருந்து வர வேணாம்னு சொல்லிடு.

— தாடி அண்ணனையா? ஏன் எதுக்குன்னு கேட்டா என்ன சார் சொல்ல?

— இந்தம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்கன்னு சொல்லு. புரிஞ்சுக்குவான்.

— சார், வேணாம் சார்! அண்ணே, நீங்களாவது கொஞ்சம் நில்லுங்க, போகாதீங்க...

— எனக்கு என்னம்மா தெரியும், சார் சொன்னா செய்யணும். சார், அப்படியே ஒண்ணு கேட்டுக்கறேன். நாளைக்கு ஏதோ வகுப்புன்னு அம்மா காலையிலயே சொன்னாங்க. ஹாலைக் கூட்டி வெக்கட்டுமா?

— எந்த வகுப்பு?