கிணற்றுக்குள் மணக்கோலம்

இந்த ஸ்டேஷன் தண்ணீர் நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். வாயில் வைத்தால் கரிக்கும், பருப்பு வேகாது. அதற்காகத்தான் கிழக்குப் புஞ்சையில் புதுக்கிணறு வெட்ட ஏற்பாடு செய்தேன். மற்றபடி ஆரம்பத்தில் எனக்கு வேறு எண்ணம் எதுவும் கிடையாது.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் உக்கிரபாண்டி. எங்கள் கிராமத்து முன்சீப். தீர்வை, பிறப்பு இறப்பு, வரப்புத் தகராறு எல்லாம் என் மூலமாகத்தான் போகும். என் மேல் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

கிணறு வெட்டச் சுவாமிதாஸை வைத்தேன். திருச்சுழிப் பக்கத்து வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். அதிர்ந்து பேசாத ஆள். நான் தேர்ந்தெடுத்த இடம் ஒரு காலத்தில் ஊருணியாக இருந்து தூர்ந்துபோனது. ஊற்று இருக்கிறதா என்று பார்க்க, ஆள் இறங்கும் அகலத்துக்கு முதலில் ஒரு குழி இறக்கினோம். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்தோம். அப்படிக் குவிப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். தள்ளிக் கொட்ட ஆள் போதவில்லை.

அன்று ஊரில் அம்மனுக்குப் பொங்கல் வைப்பு. மற்ற ஆட்கள் யாரும் வரவில்லை. சுவாமிதாஸுக்கு அது பண்டிகை இல்லை, அதனால் வந்தான். சும்மா இருந்த நானும் புஞ்சைக்குப் போனேன். உச்சிப்பொழுது இருக்கும், அவன் கீழேயிருந்து கூப்பிட்டான்.

"அய்யா, சாமி செலை ஒண்ணு கெடக்கு. பொம்பளச் சாமி. கயித்துல கட்டி விடுறேன், பைய இழுங்க."

கப்பியில் கயிற்றைப் போட்டு இழுத்தேன். சேறு பூசிக்கொண்டு மேலே வந்தாள். வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். ஐயா, நீங்கள் அவளைப் பார்த்துவிட்டீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. பாண்டிய ராஜாக்கள் காலத்துத் திருமேனி என்று உங்களோடு வந்த பெரியவர் சொன்னார். எந்தப் படைக்குப் பயந்தோ, யாரோ மண்ணுக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தலையைச் சற்றே தாழ்த்தி, வெட்கத்தோடு, வலது கையை முன்னால் நீட்டி நின்றாள்.

"பக்கத்துல இன்னொண்ணும் தட்டுப்படுது அய்யா. கெழக்கு ஓரத்துல. ஆம்பளச் சாமி போலத் தெரியுது" என்றான் அவன்.

இருக்கட்டும் என்று சொன்னேன். எனக்கு அப்போது அவளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

சட்டம் எனக்குத் தெரியும். புதையல் கிடைத்தால் தாசில்தாருக்கு எழுத வேண்டியவனே நான்தான். இந்த ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை சென்னைப் பட்டணம் போனபோது மியூசியத்துக்குள் நுழைந்து பார்த்தேன். ஏர்முனையில் அகப்பட்ட ஒரு நடராசரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். விளக்கில்லை, பூவில்லை. செருப்புக் காலோடு சனங்கள் சுற்றி வந்தார்கள். கழுத்தில் ஒரு அட்டைச் சீட்டு. அந்த இடத்துக்கு இவளை அனுப்ப எனக்கு மனமில்லை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

குழிக்குள் குனிந்து, "சுவாமிதாசு, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றேன்.

அவன் அண்ணாந்து பார்த்தான். "நானா யார்ட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன் அய்யா. ஆனா யாராச்சும் கேட்டா, பொய் சொல்ல எனக்கு வராது."

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. வராது என்றால் வராது. வற்புறுத்தி என்ன பயன்? கயிற்றைச் சுருட்டி வைத்தேன். மண்வெட்டியை எடுத்துக் கரையில் குவிந்திருந்த மண்ணைத் தள்ளினேன்.

முதல் மண் விழுந்ததும் அவன் சத்தம் கொடுத்தான். "அய்யா, கரை சரியுது. தள்ளி நில்லுங்க, உள்ள விழுந்துறப் போறீக."

நல்ல மனிதன். அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னான். கோயில் பக்கம் குலவைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை. குவியலில் பாதி போன பிறகு கரையே தன்னால் இடிந்து உட்கார்ந்துவிட்டது. ஆகையால் முழுவதையும் நான் தள்ளினேன் என்று எழுதினால் அது சரியாக இருக்காது.

அவளைச் சாக்கில் சுற்றி, வண்டியில் பருத்திமாருக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இடிந்த கோயில் ஒன்றிலிருந்து வந்தது, வெளியே பேச வேண்டாம் என்று என் மனைவி சோலையம்மாளிடம் சொன்னேன். குதிர் இருக்கிற உள்ளறையில் பீடம் போட்டு வைத்தோம். வெள்ளிதோறும் பாலூற்றிக் குளிப்பாட்டினாள். மண்ணெண்ணெய்கூடக் கிடைக்காத காலத்தில் அந்த அறையில் நெய் விளக்கு அணையவில்லை.

சுவாமிதாஸின் மனைவி ராஜாத்தி தேடி வந்தாள். கரை இடிந்ததால் வேலையை நிறுத்திவிட்டேன், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்களே, அங்கே போவதாகச் சொன்னான் என்றேன்.

"அவுக எங்கிட்டச் சொல்லாம ஒரு எடத்துக்கும் போக மாட்டாகளே அய்யா" என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

நானே அவளை அருப்புக்கோட்டைக்கு அழைத்துப்போனேன். பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிறவர்களிடம் என் வாயாலேயே விசாரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது பசி தாங்க மாட்டாளே என்று வடை வாங்கிக் கொடுத்தேன். பிறகு என் வீட்டிலேயே மாட்டுக்கொட்டில் வேலை கொடுத்தேன். கம்பும் சோளமும் குறைவில்லாமல் அளந்தேன். சாணி அள்ளும்போதும் அவள் கண் திருச்சுழி ரோட்டின் மேலேயே இருக்கும். கேப்பைக்கூழை முன்னால் வைத்தால் ஆறிப்போகும்வரை தொடமாட்டாள். நம்பிக்கை இருக்கட்டும் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு நீங்கதான் தகப்பன் மாதிரி" என்று ஒருநாள் என் காலைத் தொட்டாள். அன்றைக்கு மனசு நிறைவாக இருந்தது.

எல்லாம் அப்படியே போயிருக்கும். இரண்டு வருஷம் கழித்துச் சோலையம்மாள்தான் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பேச்சை எடுத்தாள்.

"இங்க பாருங்க, இந்தத் தாயி கல்யாணக் கோலத்துல நிக்கிறா. கன்னிகாதானத்துல கையக் குடுக்கிற மாதிரி இருக்கு. பிடிக்கிறதுக்கு ஆளக் காணோமே?"

அதுவரை அந்தக் கையை நான் அப்படிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை. விரல்களைச் சற்றே மடக்கி, இதோ வந்து பற்றிக்கொள்வார் என்று நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பற்ற வேண்டியவர் மண்ணுக்கடியில் கிடக்கிறார். பிரித்து வைத்தவன் நான். சோறு இறங்கவில்லை, ஐயா. கண்ணை மூடினால் அந்தக் கைதான். அந்தப் பாவத்தை எந்த ராமேசுவரத்தில் கொண்டுபோய்க் கரைப்பது?

காரியாபட்டிப் பக்கத்திலிருந்து ஆட்களை வரவழைத்து அதே குழியை மறுபடி தோண்டச் சொன்னேன். சுவாமிதாஸ் வெளிப்படுவான் என்று எனக்குத் தெரியாமலில்லை. யாருக்கும் தெரியாமல் தானாக இறங்கியிருக்கிறான், மண் சரிந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். முன்சீப் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

ஆழம் போகப் போக எனக்கு ஒரே கவலைதான். "கெழக்கு ஓரத்துல கடப்பாரை போடாதீகப்பா. சாமி மொகத்துல பட்டுறப் போகுது" என்று கரையிலிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தேன். கூழ்ப் பானையோடு வந்த ராஜாத்தி அதைக் கேட்டபடி நின்றாள்.

சாமி முதலில் வந்தார். வலது கையை நீட்டிய கோலம். அவளுடைய கைக்கு அளவெடுத்த கை. நான் மண்டியிட்டு என் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எலும்பையும் மேலே தூக்கினார்கள். கழுத்துச் சிலுவையைப் பார்த்து ராஜாத்தி அடையாளம் கண்டுகொண்டாள். ஊர்ப்பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அவள் அழவில்லை. அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"கெழக்கு ஓரத்துல சாமி இருக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

சொல்ல எத்தனையோ பொய் இருந்தது. ஆனால் என் மடியில் சாமி முகம் இருந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒம் புருஷன்தான் சொன்னான். குழிக்குள்ள நின்னு சொன்னான்" என்றேன்.

அவ்வளவுதான், ஐயா. மண்ணைத் தள்ளியது நான். கயிற்றைச் சுருட்டியதும் நான். கைநாட்டு வேண்டாம், எனக்கு எழுதத் தெரியும், கையெழுத்துப் போடுகிறேன். தூக்கென்றாலும் சரி, மேல்முறையீடு வேண்டாம். ராஜாத்தி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பதாக ஏட்டு சொன்னார். வெயிலாக இருக்கிறது, வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். பட்டணத்துக்கு அனுப்பும்போது அவர்கள் இருவரையும் ஒரே பெட்டியில், கை கோத்தபடியே வைக்கச் சொல்லுங்கள். கட்டினவனைப் பிரிந்து ஒருத்தி நிற்பதை வீட்டுக்குள் வைத்து நாள்தோறும் பார்த்தவன் நான். அந்தப் பாவம் உங்களுக்கும் வர வேண்டாம்.