எந்த ஊரைக் கல்லில் வெட்டுவது?

இன்று இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு செப்டெம்பர் இருபதாம் திகதி, சனிக்கிழமை. நேரம் மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். மண்டபத்தில் அமர்ந்திருப்போர் எழுபத்தொரு பேர். வெளியே வடை மேசையைச் சுற்றி நிற்பவர்களைச் சேர்க்கவில்லை. அழைப்பிதழில் அச்சிட்டிருப்பது நான்கு மணி. குறை சொல்லவில்லை, குறித்துக்கொண்டேன்.

நான்கு மணி என்றால் ஆறு மணி என்று எங்களை அன்போடு பழக்கி வைத்திருக்கும் தலைவர், வட நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் தொழிற்சாலையில் என் தந்தையோடு ஒரே மேசையில் மீன் வெட்டிய ஞானரட்ணம் மாமா அவர்களே, ஒஸ்லோவின் இந்த ஹவுகன்ஸ்டுவா மேட்டில் மூச்சு வாங்க ஏறிவந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, தமிழ்ப் பள்ளிக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஒரே காரில் ஒரே காலையில் பிள்ளைகளைக் கொண்டோடிய தாய்மாரே, அந்தத் தாய்மார் இழுத்து வந்ததால் மட்டும் வந்திருக்கும் இளையோரே, மூன்றாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இவன் என்ன உளறப் போகிறானோ என்று பார்த்திருக்கும் என் அம்மா அருள்ராணி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இத்தனை பேரை விளித்து முடிப்பதற்குள் ரோமப் பேரரசே சரிந்திருக்கும். ஆகவே நேராக விடயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘எல்லையில் வாழ்ந்தோர், இனம் மறவாதோர்: ரோமக் கல்வெட்டுகள் உரைக்கும் உண்மை’. தலைப்பை வைத்தவர் மாமா. முடிவையும் அவரே போன வாரம் தொலைபேசியில் சொல்லித் தந்துவிட்டார். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பும் மனிதன் தன் வேரை மறக்கவில்லை, நாமும் மறக்கக் கூடாது, கைதட்டல், தேநீர். நல்ல முடிவு. ஆனால் அந்தக் கற்கள் அப்படிச் சொல்லவில்லையே, நான் என்ன செய்ய?

நான் வரலாற்றறிஞன் அல்லன். அளவீட்டுப் பொறியியல் படித்தவன். கல்லின் முகத்தை ஒளியால் வருடி, கண்ணுக்குத் தப்பிய உளித்தடத்தையும் திரையில் மேடு பள்ளமாகக் காட்டுவது என் தொழில். இந்த வேனிலில் மூன்று வாரம் இங்கிலாந்தின் வடக்கே நின்றேன். ரோமர்கள் மதில் கட்டித் தம் பேரரசை நிறுத்திக்கொண்ட எல்லை அது. அங்கே கற்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். நீ யார்? கேட்டுக் கேட்டுக் குழம்பி வந்திருக்கிறேன். அந்தக் குழப்பத்தைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

வைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. என் தந்தை எலியாஸ் இந்த மார்ச் மாதம் காலமானார். நாங்கள் வாழும் ஹொல்ம்லியாவுக்குப் பக்கத்துச் சேமக்காலையில், இன்றுவரை ஒரு மரச் சிலுவைதான் அவர் தலைமாட்டில் நிற்கிறது. நவம்பர் இரண்டாம் திகதி, மரித்த ஆத்துமாக்கள் தினம். அன்று மெழுகுதிரி ஏற்றும்போது கல் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கல் வெட்டுகிற போலந்துப் பெண் கரோலினா முடிவாகச் சொல்லிவிட்டார், திங்கட்கிழமைக்குள் வாசகம் வராவிட்டால் கல் முடியுமுன் நிலம் உறைந்துவிடும், பிறகு மே மாதம்தான் என்று. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. அவற்றுக்குக் கீழே ஒரு வரிக்கு இடம். ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரியில் எதை வெட்டுவது?

நம்முடைய மரண அறிவித்தல் வாய்பாடு உங்களுக்கு மனப்பாடம். ‘மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும், பாட்ஸ்பியோர்டை முன்னாள் வதிவிடமாகவும், ஒஸ்லோ ஹொல்ம்லியாவைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட.’ பார்த்தீர்களா, முன்வரிசையில் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைகின்றன. பத்திரிகையில் இடம் உண்டு. கல்லில் இல்லை. உறவினர் பேசாலை என்கிறார்கள். என் அக்கா அபிஷா, தன் பிள்ளைகள் வாசிக்கும்படி நோர்வே மொழியில் ‘தக் ஃபொர் ஆல்ட்’, எல்லாவற்றுக்கும் நன்றி, அது போதும் என்கிறார். ஞானரட்ணம் மாமா, தமிழன் என்று ஒரு சொல் போடச் சொல்கிறார். தலையாட்டாதீர்கள் மாமா, உங்களிடம்தான் வருகிறேன்.

மதிலோரத்துக் கோட்டை ஒன்றில் ஒரு கற்பலகை. இன்றைய நெதர்லாந்தின் ஒரு மூலையிலிருந்து ரோமப் படைக்கு வந்த வீரர்கள் தங்கள் தெய்வங்களுக்கு நிறுத்தியது. தங்களை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஜெர்மானியர், துயிகந்தி நாட்டார். துயிகந்தி அவர்களுடைய சிற்றூர்ப் பெயர் போன்றது. ஜெர்மானியர் என்பதோ வெளியார் வைத்த பெயர் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். சொந்த ஊரில் எவனாவது தன்னை ஜெர்மானியன் என்றிருப்பானா? பேசாலையில் எவராவது காலையில் எழுந்து ‘நான் தமிழன்’ என்று பல் விளக்கினாரா? அங்கே அவர் பேசாலையான். எல்லைக்கு வந்த பிறகுதான் பெரிய பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது பொய்யா? பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பெரிய பெயரைத் தாங்களே காசு கொடுத்து வெட்டுவித்திருக்கிறார்களே. அப்படியென்றால் மெய்யா? மெய்யென்றால் சிறிய பெயரை ஏன் விடாமல் பக்கத்தில் வெட்டினார்கள்?

குழப்பம் ஒன்று.

இரண்டாவதைக் கேளுங்கள். டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் கிடைத்த கல் அது. பிரம்பு நாற்காலியில் ஒரு பெண். மடியருகே நகைப் பேழை, காலருகே கம்பளி நூல் கூடை. முகம் சிதைந்துவிட்டது. பெயர் ரெஜினா. தென் பிரித்தானியப் பழங்குடிப் பெண். முப்பது வயதில் இறந்தாள். கல்லை நிறுத்தியவன் பராத்தேஸ், சிரியாவின் பல்மைரா நகரத்தான். எங்கோ பாலைவனத்தில் பிறந்தவன், எங்கோ பனிமூட்டத்தில் மனைவியைப் புதைத்தான். மேலே லத்தீன். கீழே ஒரே ஒரு வரி, அவனுடைய தாய்மொழி.

தாய்மார் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அவள் அவனுடைய அடிமையாக இருந்தவள். விடுதலை கொடுத்து மணந்தான். லத்தீனில் ‘விடுதலை பெற்றவள், மனைவி’ என்று இரண்டையும் எழுதினான். தன் தாய்மொழியில் எழுதியபோது, ‘பராத்தேசிடம் விடுதலை பெற்றவள் ரெஜினா’. அவ்வளவுதான். மனைவி என்ற சொல்லை விட்டுவிட்டான். ஏன் விட்டான்? இடம் போதவில்லையா? ஊர் வழக்கமா? எனக்குத் தெரியாது. தெரிந்ததாக நடிப்பவர்களையும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த வரியின் கடைசியில் ஒரு சொல் இருக்கிறது. ஐயோ.

கல் அளப்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். லத்தீன் எழுத்துகள் நெருங்கியும் தடுமாறியும் நிற்கின்றன, பிழைகளும் உண்டு. கீழ்வரியோ அந்த எழுத்துக்குப் பழகிய கை. தடுமாற்றமே இல்லை.

என்ன கேட்கிறீர்கள் ஐயா? அவன் சிரியாக்காரனா ரோமனா என்றா? கேள்வி எனக்கும் அதுவேதான்.

சென்ற வியாழன் மாலை ஹொல்ம்லியாவில், எங்கள் சமையலறை மேசையில், இந்தக் கல்லின் படத்தைத் திரையில் வைத்துப் பேச்சுத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஆறு மாதமாக, கல்லில் என்ன எழுதுவது என்று கேட்டால், நீங்களே பார்த்துச் செய்யுங்கோ என்பதைத் தவிர வேறு விடை தராதவர் அவர். அந்தப் பெண் யார், எத்தனை வயது என்று விசாரித்தார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இது வேறை எழுத்தெல்லோ?”

“ஓம், அவளின்ரை புருசன்ரை பாஷை.”

“அவளுக்கு வாசிக்கத் தெரியுமே?”

“தெரிஞ்சிருக்காது அம்மா. அவள் அந்த நாட்டுக்காரி.”

“அப்ப ஆருக்கு எழுதினவர்?”

பெரியோரே, நான் படித்த ஆய்வுக் கட்டுரைகள் ஒரு கை உயரம். இந்தக் கேள்விக்கு அவற்றில் நேரான விடை ஒன்றையும் நான் காணவில்லை. சமாளிப்பதற்காக இன்னொரு கல்லின் படத்தைக் காட்டினேன். அதே மதிலோரத்தில் இன்னொரு ஊரில் கிடைத்தது. பெயரின் முன்பாதி உடைந்துபோனது. பல்மைராக்காரன், வயது அறுபத்தெட்டு. அதே பராத்தேசாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், உறுதியில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதில் முழுவதும் லத்தீன். அதுவும் பிழையோடு.

அம்மா அந்தப் படத்தின் அடியைத் தேடினார்.

“இதிலை அந்த எழுத்து இல்லை.”

“இல்லை.”

“எழுத ஆளில்லாமல் போச்சு,” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்ச் சோற்று மின்சட்டியை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அப்பாவின்ரை கல்லிலை ஊர் வேண்டாம். நான் கூப்பிட்ட சொல்லை எழுதுங்கோ.”

அந்தச் சொல் என்ன தெரியுமா? இஞ்சாருங்கோ.

சிரியுங்கள், நானும் அன்று சிரித்தேன். பின்வரிசையில் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த நண்பர் கை உயர்த்துகிறார். என்ன? “அதுக்கு என்னங்க அர்த்தம்?” ஐயா, ‘இஞ்சை பாருங்கோ’, அதாவது இங்கே பாருங்கள் என்பது, ஒரே சொல்லாக உருகி வந்தது. எங்கள் பக்கத்தில் கணவன் பெயரைச் சொல்லாத மனைவி, கணவனைக் கூப்பிடும் சொல். உங்கள் வீட்டில் ‘என்னங்க’ என்பார்களே, அதுபோல.

அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாட்ஸ்பியோர்டின் சுகாதார நிலையத்தில் நோர்வேத் தாதி, பிள்ளையின் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டாராம். அம்மா சன்னலுக்கு வெளியே கை காட்டினாராம். பனியில் வெள்ளைச் சப்பாத்தோடு, மீன் செதில் ஒட்டிய கையோடு, அப்பா வந்துகொண்டிருந்தார். வந்து தன் பெயரைத் தானே சொல்லும் வரை தாதி பேனையைப் பிடித்தபடி காத்திருந்தாராம்.

இப்போது என் தலைவலியைப் பாருங்கள். ஆயிரத்தெண்ணூறு ஆண்டு கழித்து என்னைப் போல ஒருவன் கருவியோடு வருவான். எலியாஸ், நோர்வே எழுத்தில். அதன் கீழே அறியாத எழுத்தில் இஞ்சாருங்கோ. அது ஒரு குலப்பெயர் என்று ஒருவர் எழுதுவார். இல்லை, கடல் தெய்வம் என்று இன்னொருவர் மறுப்பார். இஞ்சாருங்கோ மக்களின் இடப்பெயர்வு பற்றி மாநாடு கூடும், நான்கு மணி மாநாடு ஆறு மணிக்குத் தொடங்கும். அந்த நெதர்லாந்து வீரர்களின் தெய்வப் பெயர்களுக்குப் பொருள் தேடி நாமும் இன்று அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்?

தலைவர் ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் மாமா. “கல்லிலை வீட்டுக் கதையை எழுதுறதே தம்பி? நாலு பேர் என்ன சொல்லுவினம்?” நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்.

ரோமன் என்று வெட்டினார்கள், பதவிக்காக. பல்மைராக்காரன் என்று வெட்டினார்கள், பழக்கத்துக்காக. படைப்பிரிவை வெட்டினார்கள், ஊரை வெட்டினார்கள், வயதை வெட்டினார்கள், வாரிசை வெட்டினார்கள். இவற்றில் ஒவ்வொன்றையும் ஏதோ ஓர் அலுவலகம் கேட்டிருக்கும். ஐயோ என்பதை எந்த அலுவலகம் கேட்டது? எந்தப் படைத்தலைவன் கேட்டான்? எந்தப் பேரரசனுக்கு அது தேவைப்பட்டது? மனைவி என்ற சொல்லையே விட்டுவிட்ட அந்த மனிதன், அந்த ஒன்றை மட்டும் விடவில்லையே. அவளால் வாசிக்க முடியாது என்று தெரிந்தும் வெட்டினானே. அது அடையாளமா, அழுகையா? இரண்டும் ஒன்றா, வேறா? மூன்று வாரம் அளந்தேன், அளவுக்கு அகப்படவில்லை. ஆனால் இறந்தவர்கள் தங்கள் கல்லை எழுதுவதில்லை. இருப்பவர்தான் எழுதுகிறார். என் வீட்டில் இருப்பவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

மாமா தன் மேசை ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவிடம் கேட்கிறார், உண்மைதானா என்று. அம்மா “ஓம்” என்கிறார். எல்லோரும் கேட்டீர்கள். இனி ஊர்ப்பெயர் போடச் சொல்லி யாரும் என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

வியாழன் மாலையில் அம்மா இன்னொன்றும் கேட்டார். பால் வாங்கினாயா என்று கேட்பது போலக் கேட்டார்.

“அப்பாவுக்கு நான் எழுதிப்போட்டன். எனக்கு ஆர் எழுதுவியள்?”

அக்காவுக்குத் தமிழ் எழுத வராது. நான் பேனை பிடித்துத் தமிழ் எழுதிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் இவ்வளவு நேரம் கேட்ட இந்தப் பேச்சுகூட விசைப்பலகையில் தட்டியதுதான்.

தலைப்பு கொடுத்த தலைவருக்கும், அந்தத் தலைப்பை நான் காப்பாற்றாததைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், வடையை விட்டு உள்ளே வந்துவிட்ட கடைசி ஆறு பேருக்கும் என் நன்றி. முடிவுரை என்னிடம் இல்லை. செய்யப்போகிறவை மட்டும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லி, வணக்கம் கூறி, இறங்குகிறேன்.

ஒன்று: இன்றிரவு அம்மாவிடம் ஒரு வெள்ளைத் தாளும் தடித்த பேனையும் கொடுப்பேன். இஞ்சாருங்கோ என்பதை அவரே தன் கையால் எழுதுவார்.

இரண்டு: அதை நாளை அலுவலகக் கருவியில் வைத்து எடுப்பேன். கரோலினாவின் கணினி எழுத்தை நம்பமாட்டேன். அம்மாவின் கையெழுத்தே கல்லில் விழும்.

மூன்று: திங்கள் காலை எட்டு மணிக்குக் கோப்பைக் கரோலினாவிடம் கொடுப்பேன். மேலே பெயர், ஆண்டுகள். கீழே அந்தச் சொல். ஊர் இல்லை.

நான்கு: அக்காவின் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய தாத்தாவின் கல்லில் இருப்பது குலப்பெயர் அல்ல என்று சொல்லி வைப்பேன்.

ஐந்து: திங்கள் மாலையிலிருந்து பேனை பிடித்துத் தமிழ் எழுதிப் பழகுவேன். ‘அம்மா’ என்பதிலிருந்து தொடங்குவேன். அவசரம் இல்லை, அம்மா. என் கை தடுமாறாமல் வருவதற்கு நிறைய ஆண்டுகள் வேண்டும்.