வலது காதில் நான்

"என் குரலை அழிக்காதீங்க" என்று கேட்டேன். அவ்வளவுதான். டிராக் பாடுகிறவள் வாயிலிருந்து வரவே கூடாத பேச்சு அது என்று கீபோர்டு அண்ணன் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். டிராக் என்றால், பாடப்போகிறவளுக்கு வழிகாட்ட இன்னொருத்தி முன்கூட்டியே பாடி வைப்பது. நிஜக் குரல் பதிவானதும் அதை அழித்துவிடுவார்கள்.

மெட்டு என்னுடையது, வரிகளும் என்னுடையவை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இப்போது என் பாட்டும் வரப்போகிறது என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நாங்கள் நாலு பேரும் நண்பர்கள்தான். அண்ணன் வீட்டு மாடியறையில், சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்துப் பதிவு செய்வோம். மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படித்தவள் இல்லையா.

"உன் குரல் பரீட்சை எழுதுற குரல்மா. தப்பே இருக்காது, கேக்கவும் முடியாது" என்றார் அண்ணன்.

"விடுண்ணே, இதுவும் அவளுக்கு ஒரு அரியர்" என்றான் டிரம்ஸ்காரன். நான் அரியர் வைத்ததே இல்லை.

பாடப்போகிற மைனா மட்டும் சிரிக்கவில்லை. மைனா என்பது பள்ளிக்கூடத்தில் நான் வைத்த பெயர். என் கன்னத்தைத் தட்டினாள். "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதடி. நீ எங்க மூச்சு விட்டியோ அங்கதான் நானும் விடப்போறேன். உன்னை அப்படியே காப்பியடிக்கிறேன், போதுமா?"

பரிவாகத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். ஹெட்போனில் இடது காதில் இசையும் வலது காதில் என் டிராக்கும் கேட்டால்தான் பாடுவாள். அன்றும் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, "உன் சத்தமே வரலடி, கொஞ்சம் ஏத்து" என்றாள். ஏற்றினேன். "இன்னும்" என்றாள். என் குரல் உச்சத்துக்கு எழும் இடம் வரும்வரை காத்திருந்து, ஒலிக் குமிழை முழுக்கத் திருப்பினேன்.

அவள் கத்தியது பதிவாகியிருக்கிறது. சுருதி சேரவில்லை.

இடது காது நன்றாக இருக்கிறதாம். அந்தப் பக்கம் நான் இல்லை. வலது காது இனி கேட்காது, உள்ளே ஒரு ரீங்காரம் மட்டும் ஓயாமல் ஓடும் என்று டாக்டர் சொன்னாராம். அது என் குரல். அதை இனி யாராலும் அழிக்க முடியாது.

என் வாக்குமூலத்தில் நீங்கள் 'கை தவறி' என்று எழுதுகிறீர்கள். அடித்துவிடுங்கள், ஐயா. சத்தம் அளவு மீறினால் தானே அடக்கிவிடும் சின்னப் பாகம் ஒன்று, ஹெட்போனுக்குச் சத்தம் அனுப்பும் பெட்டிக்குள் உண்டு. அதைக் கழற்றியவள் நான். கோபத்தில் எதையும் செய்யவில்லை. முறையாகக் கேட்டேன், சிரித்தார்கள், செய்தேன்.

எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். நான் டிராக்கைச் சேமித்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். கழற்றிய பாகம் பைக்குள்தான் கிடந்தது. போன வாரத்திலிருந்து. நான் கேட்டுப் பார்ப்பதற்கு முன்பிருந்தே.