எடுத்தவுடன் அறுந்த அழைப்புகள்

சுந்தரராஜ் சார், மூன்றாம் ஆண்டு உளவியலில் எல்லோரும் தடுமாறிய பாடம் எனக்கு மட்டும் சுலபமாக இருந்தது. "லிஜா, இவ்வளவு தெளிவான உதாரணம் எங்கிருந்து கிடைத்தது?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டீர்கள். வீட்டிலிருந்துதான், சார்.

அண்ணன் டிஜோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகில் இருந்தான். படகு திரும்பவில்லை. எங்கள் ஊரில் யாரும் உடனே அழுது முடித்துவிடுவதில்லை. எல்லை தாண்டி வளைகுடாவில் பிடிபட்டவர்கள் பல மாதம் கழித்து வந்து நின்றிருக்கிறார்கள். அதனால் இரங்கல் பூசைக்கு அம்மா சம்மதிக்கவில்லை. சோறும் தின்னவில்லை.

ஒரு நாள் அம்மாவின் போனுக்கு ஏதோ வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தவறான அழைப்புதான். எடுத்தவுடன் அறுந்துவிட்டது.

"ஏட்டி, அவனாக்கும். மூச்சு கேட்டுது எனக்கு."

அன்று அம்மா மீன்குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது.

அடுத்த அழைப்பு என்னுடையது. வெளிநாட்டு எண் காட்டும் ஆப் கிடைக்கிறது. ஞாயிறுதோறும் அழைத்து, எடுத்ததும் துண்டித்தேன். பிறகு உங்கள் வகுப்பு நடந்தது. தவறாமல் வரும் பரிசு நின்றுபோனால் எதிர்பார்ப்பும் சீக்கிரம் அடங்கும்; எப்போது வரும் என்றே தெரியாத பரிசுக்காக உயிர்கள் காத்துக்கொண்டே இருக்கும் என்றீர்கள். நான் நாள் கிழமை பார்க்காமல் அழைக்கத் தொடங்கினேன். குளிக்கப் போகும்போதும் அம்மா போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போனாள்.

அவளுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்ய டாக்டர் நாள் குறித்தார்.

"நான் மயக்கத்துல கெடக்கும்போ பிள்ள போன் அடிச்சா யாருட்டி எடுப்பா?"

"நான் எடுக்கேன் அம்மா."

"ஒனக்கு அவன் மூச்சு தெரியாது மக்கா."

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். அழைப்பது நான்தான் என்ற உண்மையைச் சொல்லியிருந்தால் வந்திருப்பாள். நான் சொல்லவில்லை, அழைப்பதை மட்டும் நிறுத்தினேன். மெல்ல மறந்து ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய், சார். நீங்கள் நடத்தியதுபோல நடக்கிறதா என்று பார்க்கத்தான் நிறுத்தினேன்.

அப்படியேதான் நடந்தது. அம்மா தூக்கத்தை விட்டாள். மொட்டை மாடியில் டவர் நன்றாகக் கிடைக்கும் மூலையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மத்தியானம் அங்கேயே சரிந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் போனும் கையில் இருந்தது.

எனக்கு அம்மா என்றால் உயிர். கடைசிவரை அவள் நம்பிக்கை இழக்கவில்லை. அதையாவது நான் அவளுக்குக் கொடுத்தேன், இல்லையா சார்?