இருபத்து மூன்றாம் எண்ணில் ஆள் உண்டு

தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே. மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மேடை என்று பெயர் வைத்திருக்கிறோம், அதில் அமர்ந்திருக்கும் எங்கள் மண்டல அதிகாரி அவர்களே, மறைந்த அம்மையாரின் தம்பி அவர்களே. அறைக்குள் இடம் பிடித்தவர்களே, இடம் கிடைக்காமல் மாடிப்படியில் நிற்பவர்களே. எல்லோருக்கும் என் வணக்கம்.

நகராட்சிக் கதவு எண் பிரிவின் மேற்பார்வையாளர் அவர்கள் மறைந்து இன்றோடு பதினெட்டு நாள். எங்களுக்கு அவர் மேற்பார்வையாளர். உங்களுக்கு நம்பர் அக்கா. இருபத்தாறு ஆண்டுகள் இந்த நகரத்தின் கதவுகளுக்கு எண் எழுதினார். அதில் கடைசி நான்கு ஆண்டுகள் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவன் நான்.

நாம் கூடியிருக்கும் இந்த அறை, அவர் செய்த ஒரு பிழை. இரங்கல் கூட்டத்தில் பிழையைப் பேசலாமா? பேசலாம். அவரே கோப்பில் எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்ததுதான்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கட்டடம் இல்லை. இந்த இடத்தில் ஒரு சந்து இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டும். இருபத்திரண்டு வீடுகள். எந்தக் கதவிலும் எண் இல்லை. அதை எழுத வந்தார். தகரத்தில் வெட்டிய அச்சு, ஒரு டப்பா கறுப்பு பெயின்ட், ஒரு தூரிகை.

அவருக்கு ஒரு வழக்கம். திறந்திருக்கும் கதவையும் தட்டுவார். உள்ளேயிருந்து ஒரு குரல் வர வேண்டும். குரல் வந்தால்தான் எண். பூட்டைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார். பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு எழுத மாட்டார். குரல் வராவிட்டால் மூன்று முறை வருவார். அதற்குப் பிறகே 'ஆளில்லை' என்று எழுதுவார்.

சந்தின் கடைசியில் ஒரு கதவு. அதையும் தட்டினார். குரல் வந்தது. இருபத்து மூன்று என்று எழுதினார். அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அந்தக் கதவுக்குப் பின்னால் வீடு இல்லை. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்தில் ஓர் இடைவெளி. அவ்வளவுதான். இருபத்திரண்டாம் எண் வீட்டின் பின்பக்கமாகத்தான் அதற்குள் போக முடியும். அப்படியானால் யார் குரல் அது? இதோ, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அந்த இருபத்திரண்டாம் எண் வீட்டு இஸ்திரி அக்கா. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"நான் பாட்டுக்குப் பின்னாடி கரி அள்ளிக்கிட்டிருந்தேன். யாரோ தட்டுறாங்க. இருக்கேன் இருக்கேன், உசுர வாங்காதீங்கன்னு கத்தினேன். சுத்தி வந்து பாத்தா கதவுல நம்பரு. பெயின்ட் கூடக் காயல."

"உடனே சொல்லியிருக்கலாமேக்கா?"

"எதுக்கு? இருபத்திரண்டு வீட்டுல கால நீட்ட எடமில்ல. கூட ஒண்ணு கெடச்சா கசக்குதா?"

அப்படித்தான் பிறந்தது இருபத்து மூன்று. கதவை யாரோ கீல் மாற்றித் திறந்தார்கள். ஒரு பலகை அடித்தார்கள். சந்துக்குள் வீடு தேடி அலுத்த தபால்காரர், யாருக்கு வந்த பொட்டலமானாலும் அங்கே வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு மறுபார்வைக்கு வந்த நம்பர் அக்கா கதவைத் தள்ளிப் பார்த்தார். எதிரே சுவர். பலகையில் ஐந்து பொட்டலங்கள். தையல்காரர் ஓடிவந்து, "அக்கா, அழிச்சிடாதீங்க" என்றாராம்.

"அழிக்கிறதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கு தம்பி. அது வரட்டும்" என்றாராம் இவர்.

அன்று மாலையே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். 'இருபத்து மூன்றாம் எண்ணுக்கு வீடு இல்லை. பிழை என்னுடையது.' நான்கு ஆண்டு கழித்துத்தான் அதை ஒருவர் எடுத்துப் படித்தார். அதற்குள் சந்து முழுவதையும் இடித்து, பட்டியலில் எத்தனை எண்ணோ அத்தனை குடியிருப்பு என்று வரைபடம் போட்டு, சுவரும் எழுப்பிவிட்டார்கள். இருபத்து மூன்று சாவிகள். இருபத்திரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். ஒன்று மேசைமேல் கிடந்தது.

அப்போதிருந்த அதிகாரி இவரை அழைத்துக் கேட்டார். "யாரும்மா இருக்காங்க அந்த நம்பர்ல?"

"யாருன்னு தெரியாது சார். ஆனா தட்டினா யாராவது இருக்காங்க."

அதிகாரி சிரித்தாராம். ஆனால் நிபந்தனையோடுதான் விட்டார். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து நேரில் சென்று பார்க்க வேண்டும். ஆள் இருக்க வேண்டும். கோப்பில் ஆட்சேபணை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. அப்படியானால் அறை இந்தக் குடியிருப்புக்குப் பொது. இல்லையென்றால் பூட்டி நகராட்சி எடுத்துக்கொள்ளும். ஐந்தாம் ஆண்டு இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

நான்கு ஆண்டுகள் அவர் வந்தார். எந்த நாள், எந்த நேரம் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாற்பது பேரை உட்காரவைத்திருப்பீர்கள். அவருக்கு அது பிடிக்காது. அவர் எழுதிய அறிக்கைகளைப் படிக்கிறேன். அலுவலகத்தில் இதைவிட நல்ல உரைநடையை நான் பார்த்ததில்லை.

'காலை பதினொன்று. தட்டினேன். தையல்காரர் திறந்தார். ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. ஏழு பொட்டலங்கள். ஆள் உண்டு.'

'மாலை நான்கு. தட்டினேன். பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள் மூவர். சத்தம் போடாதீர்கள் என்றார்கள். ஆள் உண்டு.'

'மதியம். தட்டினேன். கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒருவர் படுத்திருந்தார். பெயர் கேட்கவில்லை. ஆள் உண்டு.'

'மழை. லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாம் மாடிப் பெரியவர் ஏற முடியாமல் இங்கே உட்கார்ந்திருந்தார். என்னை லிஃப்ட் பழுது பார்க்க வந்தவள் என்று எண்ணி, இவ்வளவு நேரமா என்று திட்டினார். ஆள் உண்டு.'

(சிரியுங்கள். பெரியவரே சிரிக்கிறார்.)

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கோப்பில் ஆட்சேபணை ஒன்று உண்டு. நாற்பத்தோராம் பக்கம். அதை எழுதியவன் நான்.

பல்கலைக்கழகத்தில் நகர வரலாறு படித்தவன். இடிப்பதற்கு முன் உங்கள் சந்தை எட்டு மாதம் படம் எடுத்தேன். ஈரச் சுவர், ஒற்றை விளக்கு, வளைவில் விழும் வெயில். அதைப் பற்றி நூற்றறுபது பக்கம் எழுதினேன். வேலைக்குச் சேர்ந்து இந்தக் கோப்பைப் பிரித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு சந்தைத் தின்றுவிட்டு நிற்கும் கட்டடம், இல்லாத ஒரு வீட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறதே என்று. என்னிடம் படம் இருந்தது. கதவுக்குப் பின்னால் சுவர். படத்தை ஒட்டி மூன்று வரி எழுதி மேற்பார்வையாளரிடம் நீட்டினேன்.

படித்தார். "தேதி போடல தம்பி" என்றார்.

போட்டேன். வாங்கி, பக்க எண் இட்டு, நூலில் கோத்தார். பிறகு, "டீ வந்துடுச்சு, ஆறிடும்" என்றார். அவ்வளவுதான். அவர் நினைத்திருந்தால் அந்தத் தாள் காணாமல் போயிருக்கும். அலுவலகங்களில் தாள்கள் காணாமல் போவது உங்களுக்குத் தெரியாதா?

சென்ற வாரம் கோப்பைத் திறந்தேன். நாற்பத்தோராம் பக்கம் அப்படியே இருந்தது. கோடு இல்லை. மறுப்பு இல்லை. ஓரத்தில் ஒரு குறிப்பு கூட இல்லை. அவருடைய பிழை எட்டாம் பக்கம், என் ஆட்சேபணை நாற்பத்தோராம் பக்கம். இரண்டுக்கும் ஒரே நூல்.

மறந்துவிட்டேன் என்றால் பொய். திரும்பப் பெறக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் இஸ்திரி அக்காவிடம், பழைய சந்து உங்களுக்கு ஞாபகம் வருவதில்லையா என்று கேட்டேன்.

"வருதே. மழை வந்தா வருது" என்றார். "எம் மாமியாருக்கு நெஞ்சு வலின்னு கட்டில தூக்கிக்கிட்டு அந்த வளைவுல திரும்ப முடியாம நின்னோம் பாரு, அதுவும் வருது. நீங்கதான் தம்பி அந்தச் சந்துக்கு அழுதீங்க. படம் எடுக்கறப்ப மட்டும் மூக்கப் பொத்திக்கிட்டீங்க."

உண்மைதான். பொத்திக்கொண்டுதான் எடுத்தேன்.

நம்பர் அக்கா எந்தச் சந்துக்கும் அழுததில்லை. சுவர் போகும், வழி மாறும், எண் மாறும் என்று அவருக்குத் தெரியும். புது எண் எழுதும் நாளில், வீட்டிலிருப்பவர் அதை மூன்று முறை தடுமாறாமல் சொல்லும் வரை வாசலிலேயே நிற்பார். அவசரத்துக்கு வண்டி கூப்பிடும்போது பழைய எண்ணைச் சொல்லிவிடக் கூடாதே என்று. அந்தக் கவலை மட்டும்தான் அவருக்கு. அதில் அவர் தோற்றதே இல்லை. நிறைவான ஒரு வேலை வாழ்க்கை அது. அதனால்தான் இங்கே வந்தவர்கள் யாரும் இன்று அவரைப் பற்றிக் கசப்பாக ஒரு சொல் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தாம் ஆண்டு ஆய்வுக்கு நான் வந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. தட்டினேன். "தொறந்துதானே இருக்கு, என்ன தட்டிக்கிட்டு" என்று ஒரு குரல். உள்ளே தலைவர் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார், இந்தக் கூட்டத்துக்காக. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அவர். "ஏறுங்க, உள்ள எடம் இருக்கு" என்றார். ஆள் உண்டு என்று எழுதினேன்.

மிச்சம், நாற்பத்தோராம் பக்கம். கிழித்துவிடலாமா? இப்போது கோப்பு என் பொறுப்பு. யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் கோத்த நூலில் என்னால் கை வைக்க முடியவில்லை. அதனால் நாற்பத்திரண்டாம் பக்கம் எழுதினேன். 'முந்தைய பக்கத்து ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறேன். கதவுக்குப் பின்னால் வீடு இருக்கிறதா என்று பார்த்தேன். ஆள் இருக்கிறாரா என்று பார்க்கவில்லை. பிழை என்னுடையது.' தேதி போட்டிருக்கிறேன்.

வரும் திங்கள்கிழமை முதல் ஆற்றோரத்தில் இருக்கும் ஆறு சந்துகளுக்கு எண் எழுத வேண்டும். அவர் தொடங்க இருந்த வேலை. அதை முடிப்பேன் என்று அவருடைய தம்பியின் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். பக்கத்து வீட்டார் சொல்லி எழுத மாட்டேன். பூட்டைப் பார்த்து எழுத மாட்டேன். பிழை செய்தால் மறைக்க மாட்டேன்.

மண்டல அதிகாரி அவர்களே, கோப்பு என் பையில் இருக்கிறது. உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாளை அலுவலகத்தில் போடலாம். ஆனால் இருபத்திரண்டு வீட்டாரும் இங்கே இருக்கிறார்கள், பேனாவும் இருக்கிறது. இப்போதே போடுவதில் ஆட்சேபணை இல்லை. எழுதியவனே சொல்கிறேன்.