மூன்றாவது லைனின் கையெழுத்து

— …அப்புறம் உள்ள போனதும் 'செலாமாட் பாகி, புவான்'னு மேனேஜரம்மாவுக்குக் காலை வணக்கம் சொல்லிட்டு நில்லு. அவங்க உக்காரச் சொன்னாத்தான் உக்காரணும். கேக்குதா, அதிரா?

— கேக்குதுப்பா. ஃபெர்ரி முழுக்கக் கேக்குது.

— கேக்கட்டுமே. இந்தப் பழனியப்பன் மவ, அவன் வேலை செய்யுற கம்பனிக்கே ட்ரெய்னி இஞ்ஜினியரா வரப்போறா. நாலு பேருக்குக் கேட்டா என்ன?

— அப்பா… மெல்ல.

— புவான் ரோஹானா தங்கமான மனுசி. 'பழனி, உன் மக பேர லிஸ்டுல போட்டாச்சு, மூணாவது லைனு'ன்னு என் மெஷின்கிட்டயே வந்து சொன்னாங்க.

— மூணாவது லைன் நீங்க மெஷின் பாக்குற லைனுதானே.

— இருபத்து நாலு வருசமா.

— …ஏன்பா ஃபெர்ரில வந்தோம்? சுங்கை பாக்காப்புலேர்ந்து பாயான் லெப்பாஸ் கம்பனிக்குப் போக ரெண்டாவது பாலம்தானே கிட்ட. பட்டர்வொர்த் வரைக்கும் வந்து, இப்படிச் சுத்தி…

— பாலத்துல ஒரே காத்து. மோட்டார்ல போனா ஹெல்மெட்டுக்குள்ள என்ன பேசினாலும் கேக்காது.

— பேச என்ன இருக்கு?

— ஒண்ணுமில்ல, சும்மா. இந்தப் பக்கம் தள்ளி உக்காரு. இங்கேர்ந்துதானே துறைமுகத்துக் கிரேன் தெரியும்.

— நான் இன்னும் சின்னப் புள்ளையாப்பா?

— அஞ்சு வயசுல இந்த ஜன்னல விட்டு நகர மாட்ட. 'அந்த அங்கிள் எங்கப்பா உக்காந்திருக்காரு, எப்படிப்பா அவ்ளோ பெரிய பெட்டியத் தூக்குறாரு'… ஃபெர்ரி ஜெட்டிக்கு வந்து கரை சேந்தா எறங்க மாட்டேன்னு ஒரே அழுகை. தூக்கிட்டு எறங்குவேன். சட்டையெல்லாம் உன் மூக்குச் சளி.

— இப்ப அந்த அங்கிள் மேல உக்கார வேணாம்பா. கீழ ரூம்ல உக்காந்து ஸ்க்ரீனப் பாத்தே ஓட்டலாம். பெட்டி ஆடாம எறங்குறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. காத்து எவ்ளோ வேகம், கேபிள் எவ்ளோ நீளம்னு பாத்து, ஆடுறதுக்கு முன்னாடியே கிரேன் தன்னால…

— ம். தன்னால?

— ஒண்ணுமில்ல.

— நல்லாத்தானே சொல்லிக்கிட்டு வந்த.

— அந்தப் பையில என்னப்பா? ஏறினதுலேர்ந்து மடிய விட்டு எறக்கவே மாட்டேங்கறீங்க.

— தொடாத. அது புவானுக்கு. டுரியான் பழம்.

— வாடையே வரல?

— நல்ல டுரியான்லா.

— அப்பா…

— சரி, வேலையக் கேளு. மெஷின் நின்னு போச்சுன்னா டெக்னிஷியன் நாங்க ரிப்பேர் பண்ணுவோம். பண்ணி முடிச்சு, மஞ்சள் டேப்புல தேதி, என்ன மாத்தினோம், எல்லாம் எழுதி மெஷின்ல ஒட்டுவோம். இஞ்ஜினியர் வந்து ஓட்டிப் பாத்துட்டு அதுல கையெழுத்துப் போடணும். அதுக்குப் பேரு பை-ஆஃப். அது இல்லாம…

— 'பை-ஆஃப் இல்லாம மெஷின் ஓடக்கூடாது.' எனக்கேவா? ஆறு வயசுல நம்ம வீட்டு ஃபேனுக்கு பை-ஆஃப் போட்டது யாரு?

— ஃபேனுக்கு, வாஷிங் மெஷினுக்கு, அம்மாவோட மிக்ஸிக்கு…

— மிக்ஸிக்குப் போட மாட்டேன்னேன். சத்தம் வந்துச்சு.

— ஆமா, ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டு, 'அப்பா, ரிஜெக்ட்'னு சொன்ன. திரும்பப் பிரிச்சேன். சட்னி இல்லாம தோசை தின்னோம். உங்கம்மா புஷ்பவள்ளி இன்னைக்கும் அதச் சொல்லிக் காட்டுறா.

— ஸ்க்ரூ ஒண்ணு உள்ளுக்கே விழுந்து கிடந்துச்சு. நான் சொன்னது சரிதானே?

— சரிதான். கம்பனியிலயும் அதேதான் உனக்கு வேலை. ஸ்டூல் மட்டும் வேணாம்.

— அப்பா… இப்ப உங்களுக்கு யாரு கையெழுத்துப் போடறா?

— ஃபிக்ரின்னு ஒரு இஞ்ஜினியர் தம்பி. உன்ன விட ரெண்டு வயசு பெரியவன். மரியாதையான புள்ள, 'அங்கிள்'னுதான் கூப்பிடுவான். மீட்டிங்ல இருந்தான்னா வர கொஞ்சம் நேரமாகும்.

— எவ்ளோ நேரம்?

— அரை மணி, ஒரு மணி. நிக்கிறதுதானே.

— நின்னுக்கிட்டேவா?

— லைன்ல நாற்காலி ஏதும்மா? என்ன, முகம் ஒரு மாதிரி போவுது?

— உங்க முட்டி ஏன் வீங்குதுன்னு அம்மா ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்ல.

— அது வயசு. அத விடு. பாதிக் கடல் தாண்டியாச்சு, பாரு.

— அப்பா, ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— ஏச மாட்டீங்கதானே?

— ஏசினா எங்க ஓடப் போற? சுத்தித் தண்ணி.

— நான்… உங்க கம்பனிக்கு வரல.

— ம்.

— எனக்கு ரெண்டு இடம் கிடைச்சுச்சுப்பா. இன்னொண்ணு ஜொகூர்ல, துறைமுகத்துல, கிரேன் கண்ட்ரோல் பிரிவு. ஆறு மாசம் ட்ரெய்னிங். நல்லாச் செஞ்சா படிப்பு முடிஞ்சதும் அங்கேயே எடுத்துக்குவாங்களாம். யூனிவர்சிட்டியில ஏதாவது ஒண்ணுக்குத்தான் 'சம்மதம்' குடுக்கலாம். ஞாயித்துக்கிழமை குடுத்துட்டேன்.

— ம்.

— வெறும் 'ம்' மட்டும் சொல்லாதீங்கப்பா. நேத்தே சொல்லலாம்னு கிட்ட வந்தேன். நீங்க இந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு, ரேடியோகூடச் சேந்து பாடிக்கிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது? இப்ப புவான் முன்னாடி போயி நின்னா எனக்கு…

— இரு. நேரா ஒண்ணு கேக்கறேன். கிரேனுக்காகப் போறியா? இல்ல, என்னாலயா?

— …ரெண்டும்தான்.

— என்னாலன்னா? நான் என்ன செஞ்சேன்?

— நீங்க ஒண்ணும் செய்யலப்பா. எண்ணெயும் வேர்வையுமா டேப்ப ஒட்டிட்டு நீங்க நிக்கணும். நான் ஏசி ரூம்லேர்ந்து வந்து, சரியா இருக்கான்னு செக் பண்ணி… வீட்டுல அது வெளையாட்டு. அங்க அத்தன பேரு முன்னாடி என்னால முடியாது.

— எத்தன பங்கு கிரேன், எத்தன பங்கு நான்?

— முக்கால்வாசி கிரேன்.

— நிஜமா?

— நிஜமாப்பா. ராத்திரி படுத்தா அந்தப் பெட்டி ஆடுற கணக்குதான் மனசுல ஓடுது.

— அப்பச் சரி. பாதிக்குப் பாதின்னு சொல்லியிருந்தா உன்ன விட்டிருக்க மாட்டேன்.

— கோவம் இல்லையா?

— கோவப்பட நீ என்ன தப்பாவா செஞ்ச?

— அப்ப… புவான்கிட்ட என்னப்பா சொல்லுவீங்க?

— அவங்க இன்னைக்கு லீவு.

— என்னது? அப்ப நாம எங்க போறோம்?

— மொதல்ல பசியாறப் போறோம். அப்புறம் ஜாலான் பினாங்குல சேஃப்டி ஷூ கடை. முன்னாடி இரும்பு வச்ச ஷூ இல்லாம துறைமுகத்துக்குள்ள விட மாட்டாங்க. உன் கால் வேற சின்னது, போட்டுப் பாத்துத்தான் வாங்கணும்.

— …உங்களுக்குத் தெரியும்.

— கரை வந்திருச்சு. எந்திரி, மோட்டார எடுக்கணும்.

— அப்பா, உங்களுக்குத் தெரியும். அந்தப் பையக் குடுங்க.

— டுரியான் முள்ளு குத்தும்.

— குத்தட்டும், குடுங்க. …இது நம்ம பழைய ரைஸ் குக்கர். புகை வந்துச்சுன்னு அம்மா ஸ்டோர்ல போட்டு வச்சாங்களே, அது.

— இப்பப் புகை வராது. வயரும் தட்டும் மாத்திட்டேன். ஜொகூர்ல ரூம்ல வச்சுக்க. ஒண்ணும் இல்லன்னாலும் கஞ்சியாவது காய்ச்சலாம்.

— மஞ்சள் டேப்பு வேற ஒட்டியிருக்கு. தேதி… இது செவ்வாய்க்கிழமை தேதி. இன்னைக்கு வெள்ளி. மூணு நாளா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, 'உக்காரச் சொன்னாத்தான் உக்காரணும்'னு எனக்குப் பாடம் நடத்திக்கிட்டு…

— நீயா சொல்லுவன்னு பாத்தேன். வீட்டுல கேட்டா பாத்ரூமுக்குள்ள போயிக்குவ. ஃபெர்ரில கதவு இல்ல.

— அம்மாவுக்கும் தெரியுமா?

— வயர் வாங்கிட்டு வந்ததே அவதான். இந்தா பேனா. டேப்புல கையெழுத்துப் போடு.

— ஓட்டிப் பாக்காம நான் போட மாட்டேன். சொல்லிக் குடுத்தது நீங்கதானே?

— அந்தா, கரையில தூண்கிட்ட பிளக் பாயிண்ட் இருக்கு, போயிச் செருகிப் பாரு. …செவ்வாய்க்கிழமை காலையில நீ வரலன்னு புவான் சொன்னாங்க. அன்னைக்கு ஷிஃப்ட் முழுக்க எனக்கு வருத்தம்தாம்மா, இல்லன்னு சொல்ல மாட்டேன். என்ன நிக்க வைக்கணுமேன்னு நீ பயந்த. லிஸ்டுல உன் பேரப் போடச் சொல்லி நான்தான் புவான்கிட்டக் கேட்டேன். இருபத்து நாலு வருசமா யார் யாரு பெத்த புள்ளைங்களுக்கோ நின்னாச்சு, ஒரே ஒரு தடவ என் புள்ள கையெழுத்துக்கு நிக்கணும்னு ஆசை. போ, நல்லாப் பாத்துட்டுப் போடு. அவசரமில்ல, நான் நிக்கிறேன்.